ரஷ்ய எண்ணெயும் திருப்பூர் பனியனும்: எரிசக்திப் பாதுகாப்பில் நாடுகளின் கூட்டுறவு எப்படி இயங்குகிறது?

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா 50 விழுக்காடு இறக்குமதி வரி வசூலிக்கத் தொடங்கியது. அதில் பாதியான 25 விழுக்காடு, ரஷ்யாவிடம் இந்தியா கச்சா எண்ணெய் வாங்குவதற்காக விதிக்கப்படுகிறது என்று அந்நாட்டின் ஆணையே வெளிப்படையாகச் சொன்னது. எண்ணெயை வாங்கியவை சுத்திகரிப்பு ஆலைகள். வரியில் அடிபட்டவையோ திருப்பூரின் பின்னலாடையும் கரூரின் வீட்டு உபயோகத் துணிகளும். பெட்ரோலியப் பொருள்களுக்கு அதே வரியிலிருந்து விலக்கு இருந்தது என்பது கூடுதல் முரண். யாரோ வாங்கிய எண்ணெய்க்குப் பனியன் கம்பெனி ஏன் தண்டம் கட்ட வேண்டும் என்ற கேள்வி இயல்பானது. அந்த வரி பின்னர் கண்ட ஏற்ற இறக்கங்கள் தனிக் கட்டுரைக்குரியவை. எரிசக்திக்காக நாடுகள் தமக்குள் செய்துகொண்டுள்ள ஏற்பாடுகள் என்ன, தூய எரிசக்திக்கு மாறும்போது அவை எப்படி உருமாறுகின்றன, அவற்றின் சுமை கொங்கு மண்டலத்தில் எங்கே வந்து இறங்குகிறது என்பதை இங்கே அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

எரிசக்திப் பாதுகாப்பு என்பது எது?

தேவையான எரிபொருளும் மின்சாரமும், தாங்கக்கூடிய விலையில், இடையறாமல் கிடைக்கும் நிலையே எரிசக்திப் பாதுகாப்பு. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் பாதுகாப்பு இல்லை. 2012இல் தமிழகம் கண்ட நீண்ட மின்வெட்டின்போது கோவையின் சிறு பட்டறைகளைச் சாய்த்தது கட்டண உயர்வன்று. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத நிலைதான். அன்று வட மாநிலங்களில் வாங்கக் கிடைத்த மின்சாரத்தையும் போதிய அளவில் இங்கே கொண்டுவர முடியவில்லை. தென் மாநில மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது 2013 டிசம்பர் 31இல்தான்.

கொங்கு மண்டலத்தின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று வரிசைப்படுத்தினால் வெளியுலகச் சார்பு தெளிவாகும்.

1. டீசலும் பெட்ரோலும்: கப்பலில் வரும் கச்சா எண்ணெய் கொச்சி ஆலையில் சுத்திகரிக்கப்பட்டு, குழாய் வழியாக இருகூருக்கும் கரூருக்கும் வந்து சேர்கிறது. நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி.

2. சமையல் எரிவாயு: ஏறத்தாழ 60 விழுக்காடு இறக்குமதி. அதில் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து வருகிறது. துறைமுகங்களிலிருந்தும் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் அதை உருளை நிரப்பும் நிலையங்களுக்குக் கொண்டுசேர்க்கும் டேங்கர் லாரிகளுக்கு நாமக்கல்லே தலைமையிடம்.

3. கோக்: நிலக்கரியைச் சுட்டெடுத்த எரிபொருள். கோவை பவுண்டரிகளில் இதை எரித்து இரும்பை உருக்கும் கியூப்போலா உலை வைத்திருப்பவர்களுக்கு இது தேவை. இதற்கான உயர்தர நிலக்கரியில் பெரும்பகுதியை இந்தியா இறக்குமதி செய்கிறது; அதில் ஆஸ்திரேலியாவின் பங்கு பெரிது.

4. மின்சாரம்: மேட்டூர் அனல் நிலையம், நீலகிரியின் நீர்மின் நிலையங்கள், பாலக்காட்டுக் கணவாயின் காற்று, புகளூரில் வந்திறங்கும் வெளிமாநில மின்சாரம்.

நான்காவதில் மட்டுமே உள்ளூர் வளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முதலிரண்டும் பெருமளவு பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணையை நம்பியவை. 2024இல் அந்தக் குறுகிய கடல்வழியாக நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் சென்றது. உலகம் பயன்படுத்தும் எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்கு. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்ட நாள்களில் அந்த வழி அடைபடுமோ என்ற அச்சமே விலையை ஏற்றப் போதுமானதாக இருந்தது.

தொண்ணூறு நாள் இருப்பு என்ற ஏற்பாடு

1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தபோது, வாங்கும் நாடுகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு எந்த விலைக்கும் எண்ணெயைப் பிடிக்க முயன்றன. தட்டுப்பாட்டைவிட அந்தப் போட்டியே பெரிய சேதத்தைச் செய்தது. பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத்தில் தலைமடைக்காரர் தம் முறை முடிந்த பிறகும் மடையை அடைக்காவிட்டால் கடைமடைக்கு என்ன நேரும் என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முறை வைத்துப் பகிர்வதற்காக 1974 நவம்பரில் பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானதுதான் பன்னாட்டு எரிசக்தி முகமை.

அதன் மைய விதி எளிமையானது. உறுப்பு நாடு ஒவ்வொன்றும் தன் நிகர எண்ணெய் இறக்குமதியில் 90 நாளுக்குரிய அளவை எப்போதும் இருப்பில் வைத்திருக்க வேண்டும். நெருக்கடி வந்தால் எல்லோரும் கூடி முடிவெடுத்து அந்த இருப்பிலிருந்து சந்தைக்கு எண்ணெய் விட வேண்டும். 1991 வளைகுடாப் போர், 2005 கத்ரீனா புயல், 2011 லிபியா உள்நாட்டுப் போர் ஆகியவற்றின்போது இது நடந்தது. உக்ரைன் போர் தொடங்கிய 2022இல் இரண்டு முறை நடந்தது. அவ்விரண்டிலும் சேர்த்து 18 கோடி பீப்பாய்க்கு மேல் விடுவிக்க ஒப்புக்கொள்ளப்பட்டது.

இந்தியா இந்த முகமையில் 2017 முதல் இணை நாடு. முழு உறுப்பினராக 2023இல் முறைப்படி விண்ணப்பித்தது. ஆனால் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு என்ற வளர்ந்த நாடுகளின் மன்றத்தில் உறுப்பினராக இருப்பவர்களுக்கே இங்கே இடம் என்று 1974 ஒப்பந்தம் எழுதி வைத்திருக்கிறது. இந்தியா அதில் இல்லை. இருப்பு விதியும் எளிதில் எட்டக்கூடியதன்று. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களின் நிலத்தடிக் குகைகளில் 53.3 லட்சம் டன் கொள்ளளவு இருக்கிறது. நிரம்பியிருந்தால் நாட்டுக்கு அது ஒன்பதரை நாள் வரும். எண்ணெய் நிறுவனங்களின் சொந்த இருப்பையும் சேர்த்தால் இரண்டு மாதங்களைத் தாண்டுமே தவிர 90 நாளைத் தொடாது.

உலகின் மூன்றாவது பெரிய எண்ணெய் நுகர்வோர் அவசர காலத்தில் முடிவெடுக்கும் மேசையில் வாக்கில்லாமல் இருப்பது, என் கணிப்பில், இந்தியாவைவிட அந்த முகமைக்குத்தான் பெரிய குறை. சந்தையின் ஒரு பெரும் பகுதியைக் கணக்கில் சேர்க்காத கூட்டு நடவடிக்கை பாதி நடவடிக்கையே.

ரஷ்ய எண்ணெய்: விதி நடுவழியில் மாறியது

உக்ரைன் போருக்கு முன் இந்தியாவின் கச்சா இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. 2023–24இல் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. இது திருட்டுத்தனமாக நடந்ததன்று. 2022 டிசம்பர் 5 முதல் ஜி7 எனப்படும் வளர்ந்த நாடுகள் ரஷ்ய எண்ணெய்க்குப் பீப்பாய்க்கு 60 டாலர் என விலை வரம்பு விதித்தன. எண்ணெய் சந்தைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும், ஆனால் ரஷ்யாவுக்கு வருமானம் குறைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். யாராவது தள்ளுபடி விலையில் வாங்கினால்தான் அந்தத் திட்டமே நடக்கும். இந்தியா விரும்பிய அளவு ரஷ்ய எண்ணெயை வாங்கிக்கொள்ளலாம் என்று அன்றைய அமெரிக்க நிதியமைச்சர் ஜேனட் யெல்லன் 2022 நவம்பரில் வெளிப்படையாகவே சொன்னார்.

2025இல் நோக்கம் மாறியது. ரஷ்யக் கச்சாவிலிருந்து பிற நாடுகளில் தயாரித்த டீசல் போன்றவற்றை 2026 ஜனவரி 21 முதல் வாங்குவதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் ஜூலையில் முடிவெடுத்தது. ஆகஸ்டில் அமெரிக்க வரி வந்தது. அக்டோபரில் ராஸ்நெப்ட், லுக்காயில் என்ற இரு பெரும் ரஷ்ய நிறுவனங்கள் மீது அமெரிக்கா தடை விதித்தது. விலையைக் கட்டுக்குள் வைக்க வகுத்த ஏற்பாடு, இரண்டரை ஆண்டில் தண்டிக்கும் ஏற்பாடாக ஆனது.

தண்டம் ஆடை மீது ஏன் விழுந்தது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. எண்ணெய்க்கு வரி போட்டால் போட்டவர் நாட்டிலும் பெட்ரோல் விலை ஏறும். ஆடைக்குப் போட்டால் வங்கதேசமும் வியட்நாமும் மாற்றுக்கு இருக்கின்றன. இந்திய ஆயத்த ஆடை ஏற்றுமதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. வலி எங்கே அதிகமோ, பதிலடி எங்கே குறைவோ அங்கேதான் அழுத்தம் கொடுக்கப்படும்.

தூய எரிசக்தி வந்தால் சார்பு ஒழியுமா?

ஒழியாது, அதன் தன்மை மாறும். இந்த வேறுபாட்டைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்தான் 'சூரியனுக்குக் காசு கட்ட வேண்டாம்' என்ற ஒரு தரப்பும், 'எண்ணெய்க்கு அரபு நாடு, பேனலுக்குச் சீனா, இரண்டும் ஒன்றுதான்' என்ற மறுதரப்பும் பேசிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் தவறு.

1. எரிபொருளை அன்றாடம் வாங்க வேண்டும். கருவியை ஒரு முறை வாங்கினால் போதும். ஹோர்முஸ் நீண்ட காலம் அடைபட்டால், இருப்பு தீரத் தீர லாரிகள் நிற்கத் தொடங்கும். சீனா பேனல் தர மறுத்தாலும் கூரை மேல் ஏற்கெனவே உள்ள பேனல் சுமார் 25 ஆண்டுகள் மின்சாரம் தரும். நிற்பது அடுத்த ஆண்டின் விரிவாக்கம் மட்டுமே. முன்னது நெருக்கடி, பின்னது தாமதம்.

2. ஆனால் கருவிச் சந்தை எண்ணெய்ச் சந்தையைவிடக் குறுகியது. எண்ணெய் விற்கப் பல நாடுகள் உண்டு. சூரியப் பேனல் உற்பத்தியின் எல்லாக் கட்டங்களிலும் சீனாவின் பங்கு 80 விழுக்காட்டுக்கு மேல். அருமண் தனிமங்களைச் சுத்திகரிப்பதில் ஏறத்தாழ 90 விழுக்காடு. 2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவற்றாலான காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று சீனா அறிவித்தவுடன் இந்திய மின்வாகனத் தொழில் தடுமாறியது. மோட்டாரில் பெயர்பெற்ற கோவைக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

3. காற்றுக்கும் வெயிலுக்கும் எரிபொருள் செலவு இல்லாததால் முழுச் செலவும் முதலிலேயே வந்துவிடுகிறது. ஆகவே ஒரு யூனிட்டின் அடக்க விலையைப் பெரிதும் தீர்மானிப்பது கடனுக்கான வட்டி. ஒரே காற்றாலையை ஜெர்மனியில் குறைந்த வட்டிக்கும் பல்லடத்தில் அதைவிடக் கூடிய வட்டிக்கும் கடன் வாங்கி நிறுவினால், காற்று ஒரே வேகத்தில் வீசினாலும் மின்சாரத்தின் விலை ஒன்றாக இருக்காது.

நாடுகளின் கூட்டுறவு மூன்றாவதில்தான் அதிகம் தேவைப்படுகிறது, அங்கேதான் மிகவும் பின்தங்கியும் இருக்கிறது. 2023இல் துபாயில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் புதுப்பிக்கத்தக்க மின் திறனை 2030க்குள் மும்மடங்காக்குவது என்று நாடுகள் எளிதாக ஒப்புக்கொண்டன. பணம் பற்றிப் பேசிய 2024 பாகு மாநாட்டில், 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற அளவோடு வளர்ந்த நாடுகள் நின்றுகொண்டன. அது போதாது என்று இந்தியா அரங்கிலேயே எதிர்ப்புத் தெரிவித்தது.

கூட்டுறவு நேரில் எப்படி வருகிறது?

மாநாட்டுத் தீர்மானங்களைவிடத் திட்டங்களில் இது தெளிவாகத் தெரியும். கொங்குக்கு இது புதிதும் அன்று. நீலகிரியின் குந்தா நீர்மின் திட்டம் 1950களில் கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவி ஏற்பாட்டின் கீழ் கனடாவின் உதவியோடு தொடங்கியது. பைக்காராவுக்கு அடுத்தபடியாகக் கோவைப் பகுதியின் ஆலைகளுக்கு ஊக்கம் தந்தது அந்த மின்சாரம். நம் காலத்தில், காற்று, சூரிய மின்சாரத்தை எடுத்துச் செல்வதற்கான பசுமை மின்வழித் திட்டத்துக்குத் தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களில் ஜெர்மனியின் வளர்ச்சி வங்கி கடன் தந்தது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட் நேர்திசை மின் வழித்தடத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி உதவியது.

2015இல் பாரிஸில் இந்தியாவும் பிரான்சும் தொடங்கிய பன்னாட்டுச் சூரிய ஆற்றல் கூட்டணி குருகிராமிலிருந்து இயங்குகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்திருந்தாலும், எரிசக்தி முகமையைப் போல உறுப்பினரைக் கட்டுப்படுத்தும் விதி எதுவும் இதற்கு இல்லை. பயிற்சி, கூட்டுக் கொள்முதல், சிறு நாடுகளுக்கு வழிகாட்டல் என்ற அளவில் அது பயனுள்ளது. பாதுகாப்பு ஏற்பாடு என்று அதை அழைப்பது மிகை.

கொங்கு மண்டலத்தில் விளைவுகள்

*காற்றும் மின்வழியும்.* உடுமலை, பல்லடம், தாராபுரம் வட்டாரங்களில் வைகாசி முதல் புரட்டாசி வரை காற்று கொட்டுகிறது. மற்ற மாதங்களில் சுழலி பெரும்பாலும் சும்மா நிற்கிறது. நூற்பாலைகள் 1990களிலேயே சொந்தக் காற்றாலை நிறுவியதற்கு ஒரு முக்கியக் காரணம், காற்றுப் பருவத்து யூனிட்டுகளை மின்வாரியக் கணக்கில் வரவு வைத்து ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்ளும் வசதி இருந்ததே. 2018க்குப் பின் நிறுவியவற்றுக்கு அது நிறுத்தப்பட்டது. மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களில் இன்னமும் 225, 250 கிலோவாட் பழைய எந்திரங்கள் நிற்கின்றன. இப்போது வருபவை 2, 3 மெகாவாட் திறனுடையவை. பழையதை மாற்ற மாநில அரசு 2024இல் கொள்கை வெளியிட்டிருக்கிறது. ஆயினும் ஆடி மாத உபரியைச் சேர்த்து வைக்க இடமில்லாமல் எந்திரத்தை மட்டும் பெரிதாக்கினால் சிக்கலும் பெரிதாகும். குந்தாவில் கட்டப்படும் 500 மெகாவாட் நீரேற்று மின் நிலையத்தின் பொருள் இதுதான்: உபரி மின்சாரத்தால் அவலாஞ்சி – எமரால்டு அணைகளின் நீரை மேலேயுள்ள போர்த்திமந்து அணைக்கு ஏற்றி, தேவைப்படும் வேளையில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது.

*கோபுரங்கள்.* நிலக்கரி மின்சாரத்தை இங்கே கொண்டுவரத் திட்டமிட்ட ராய்கர் – புகளூர் வழித்தடம், காற்றுப் பருவத்தில் இங்குள்ள உபரியை வடக்கே அனுப்பவும் வல்லது. நாட்டுக்கு நல்லது, ஆனால் அதன் கோபுரங்கள் நின்றது ஈரோடு, திருப்பூர், நாமக்கல் உழவர்களின் தோட்டங்களில். கம்பியைச் சாலையோரமாகப் புதைகுழியில் கொண்டுசெல்லக் கேட்டு 2018, 2019இல் அவர்கள் போராடினார்கள். யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்து 1970இல் பெருமாநல்லூரில் உழவர்கள் உயிர் கொடுத்த மண்ணில், மின்சாரத்தின் செலவை யார் சுமப்பது என்ற கேள்வி அரசியலாகாமல் போகாது.

*மக்காச்சோளம்.* 2023 செப்டம்பரில் புது டெல்லி ஜி20 மாநாட்டில் உலக உயிரி எரிபொருள் கூட்டணி அறிவிக்கப்பட்டது. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் என்ற இலக்கை இந்தியா 2025இல் எட்டியது. கரும்போடு மக்காச்சோளமும் எத்தனாலுக்குப் போகத் தொடங்கியதால், ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024இல் அதை இறக்குமதி செய்தது. எண்ணெய்ச் சார்பைக் குறைக்கும் வழி, நாமக்கல் கோழிப்பண்ணையின் தீவனச் செலவில் வந்து முடிந்தது.

*கார்பன் எல்லை வரி.* வருங்காலத்தில் மிகுந்த குழப்பம் தரப்போவது இதுவே. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றின் உற்பத்தியில் வெளியான கார்பனுக்கு விலை வசூலிக்கும் முறை இது. 2023 அக்டோபரில் கணக்குக் கொடுக்கும் கட்டமாகத் தொடங்கி, 2026 ஜனவரி 1 முதல் கட்டணக் கட்டத்துக்கு வந்துள்ளது.

1. முதல் பட்டியலில் ஆடையும் பம்பும் இல்லை. போல்ட், திருகு, குழாய் இணைப்பு ஆகியவை உண்டு. ஆண்டுக்கு மொத்தம் 50 டன்னுக்கு மேல் இறக்குமதி செய்யாத ஐரோப்பிய வணிகருக்கு விலக்கு உண்டு என்பதால் சிறிய ஆர்டர்கள் தப்பும்.

2. போல்ட் செய்யும் பட்டறை தன் அடுப்புக்கு மட்டும் பொறுப்பாவதில்லை; வாங்கிய எஃகின் கார்பனும் அதன் கணக்கில் சேரும். ஒரு டன் எஃகுக்கு இந்தியாவில் சுமார் 2.5 டன் கரியமில வாயு வெளியாகிறது. உலகச் சராசரி சுமார் 1.9. ஆகவே கோவைப் பட்டறை எவ்வளவு சிக்கனமாக நடந்தாலும், ஒடிசாவிலோ சத்தீஸ்கரிலோ உள்ள உலையின் பாரத்தைச் சுமக்கிறது.

3. இரும்பு, எஃகுக்கு இப்போதைக்கு நேரடி வெளியேற்றம் மட்டுமே கணக்கில் வருகிறது. வாங்கிய மின்சாரத்தின் கார்பன் சேர்க்கப்படுவதில்லை. எனவே பட்டியலில் உள்ள பொருளை வார்க்கும் பவுண்டரிக்கு, கோக் எரிக்கும் கியூப்போலாவைவிட, மின்சாரத்தால் உருக்கும் இண்டக்‌ஷன் உலை சாதகமானது.

ஆடைக்கு வரி இல்லை என்றாலும் ஐரோப்பாவின் பெரிய வாங்குநர்கள் இதே விவரங்களைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இங்கே ஓர் உள்முரண் இருக்கிறது. நொய்யலைக் காக்க 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட பின், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்குத் திருப்பூர் மாறியது. உப்பு நீரைக் காய்ச்சி வற்றவைக்க நீராவியும் மின்சாரமும் மிகுதியாகத் தேவை. தண்ணீர்க் கணக்கில் பெற்ற மதிப்பெண் கார்பன் கணக்கில் குறைகிறது. வாங்குநரின் படிவம் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

காற்றாலை வைத்திருக்கும் நூற்பாலைக்கு இங்கே வலுவான வாதம் இருக்கிறது, ஆனால் ஆவணம் வேண்டும். எந்தக் காற்றாலை, எத்தனை யூனிட், எந்த ஆலையில் பயன்பட்டது என்ற தொடர் காட்டப்பட வேண்டும். அந்த யூனிட்டுகளின் பசுமைத் தன்மையைப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழாக ஏற்கெனவே விற்றிருந்தால், அதே யூனிட்டை நூலின் கார்பன் கணக்கில் மீண்டும் காட்ட முடியாது. சான்றிதழுக்குக் கிடைக்கும் தொகையையும் வாங்குநரிடம் கிடைக்கும் மதிப்பையும் ஒப்பிட்டு ஆலை ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அந்த நூலைத் துணியாக்கும், தைக்கும் ஜாப் ஒர்க் பட்டறைகளுக்குப் பொதுவாக அந்தத் தேர்வு இல்லை; அவற்றின் மின்கட்டண ரசீதில் காற்று எவ்வளவு, நிலக்கரி எவ்வளவு என்று பிரித்துக் காட்டப்படுவதில்லை.